ஹ்மாங் மொழிப் பயிற்சி: பொறையாற்றுப் பக்கத்தில் ஆறு மாதம்

தாய்லாந்தின் வடக்கு மலைகளில் வாழும் ஹ்மாங் மக்களிடையே ஊழியம் செய்யப் போகும் இளைஞர்களுக்காக, பொறையாற்றுக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடத்தப்படும் ஆறு மாத மொழிப் பயிற்சியில், கடந்த ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை தங்கிப் படித்தேன். அதைப் பற்றி எங்கள் பக்கத்துச் சபைகளிலிருந்து பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அந்த இல்லத்தின் பெயரையும் அங்கே கற்பிப்பவர்களின் பெயர்களையும் எழுதவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன் ஒரு நகரத்தில் உள்ள வேறொரு மொழி நிறுவனத்தில் இதே மொழியை மூன்று வாரம் படித்திருந்தேன். அங்கே முதல் நாளே ஒரு கட்டு அச்சுத்தாளைக் கையில் கொடுத்தார்கள். வணக்கம், நன்றி, தண்ணீர், விலை என்ன என்று ரோமன் எழுத்தில் அடுக்கிய சொற்பட்டியல் அது. அந்த எழுத்துகளை ஆங்கிலம் படிப்பதுபோலவே படித்து மனப்பாடம் செய்தோம். கடைசி நாளில் ஒரு சான்றிதழும் கிடைத்தது. பொறையாற்றுக்கு வந்த முதல் வாரத்தில், பாடம் தொடங்குமுன், காணொளித் திரையில் தோன்றிய ஹ்மாங் ஆசிரியையிடம் அந்தச் சொற்களில் பத்தை வரிசையாகச் சொல்லிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். ஒன்றுகூட அவருக்குப் புரியவில்லை. செலவழித்த பணத்தைவிட, தவறாகப் பழகிய நாக்கைத் திருத்திக்கொள்ளச் செலவான காலமே எனக்குப் பெரிய இழப்பு.

இந்த இல்லத்தின் முறை நேர் மாறானது. முதல் ஆறு வாரம் எழுத்தே கிடையாது. நோட்டு, பேனா, கைப்பேசியில் குறிப்பு எதற்கும் அனுமதி இல்லை. உள்ளே தங்கிப் பயிற்றுவிப்பவர், வட தாய்லாந்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு தமிழர். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை உபதேசியார் ஐயா என்றே அழைக்கிறார்கள். சியாங் மாய் மலைப்பகுதியைச் சேர்ந்த ஆசிரியை மாலை 5.30 மணிக்குக் காணொளியில் வருவார். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் என்பதால் அவருக்கு அப்போது இரவு 7 மணி. தொடக்கத்தில், காலையில் ஐயாவும் மாலையில் ஆசிரியையும் சொல்லும் கட்டளைகளைக் கேட்டு, வாயைத் திறக்காமல், உடலால் பதில் செய்வதுதான் எங்கள் வேலை. எழுந்திரு என்றால் எழ வேண்டும். கதவைச் சாத்து என்றால் சாத்த வேண்டும். கத்தியை எடுத்துத் தம்பியிடம் கொடு என்றால் கொடுக்க வேண்டும். ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இது என்று ஐயா சொன்னார். குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கிறது என்பது அதன் அடிப்படை.

எழுத்து இல்லாமல் எப்படிப் படிப்பது என்ற கலக்கம் எங்கள் நால்வருக்கும் இருந்தது. அதற்கு ஐயா பதில் எதுவும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் எங்களைத் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். 1706 ஜூலை 9ஆம் நாள் கப்பலிலிருந்து அந்த ஊரில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, தம் இருப்பிடத்துக்கே ஒரு உள்ளூர் வாத்தியாரை வரவழைத்து, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகியவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. இதெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலிருந்தே தெரிந்த கதைதான். ஆனால் இருபத்து நான்கு வயதில், படித்து வேலையும் பார்த்த ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் அவர்களைவிடக் குறைவாகத் தெரிந்தவராக உட்கார்ந்திருந்தார் என்பதை, அந்த வாரம் நானும் அதே நிலையில் இருந்தபோதுதான் உணர்ந்தேன்.

இனி மொழிக்கு வருகிறேன். ஹ்மாங் மொழியில் பெரும்பாலான சொற்கள் ஓரசைச் சொற்கள். ஒரே அசையை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடும். ‘பொ’ என்ற ஒரே ஓசையை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்து நின்றால் கட்டி அல்லது பந்து. உயரத்திலிருந்து இறங்கினால் பெண். கீழிருந்து ஏறினால் எறிவது. நடுவில் நின்றால் மண்ணீரல். தாழ்ந்து நின்றால் முள். தொண்டையை இறுக்கிச் சட்டென்று நிறுத்தினால் பார்ப்பது. மூச்சுக் காற்று கலந்து இழைந்து இறங்கினால் அப்பாவைப் பெற்ற அப்பாயி. எட்டாவதாக ஒரு தொனியும் உண்டு, ஆனால் அது தொண்டை இறுக்கத் தொனியின் கிளை என்பதால் தொடக்கத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

தமிழ்க் காதுக்கு இவற்றில் ஐந்து பெரிய தொல்லை தருவதில்லை. ஏறுவதும் இறங்குவதும் நிற்பதும் நம் பேச்சிலும் இருக்கின்றன. அவை சொல்லின் பொருளை மாற்றுவதில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. உண்மையான தடை தாழ்ந்த தொனிக்கும் மூச்சுத் தொனிக்கும் இடையில் இருக்கிறது. இரண்டும் கீழே இருப்பவை. ஒன்று வறண்டது, மற்றொன்று ஈரக்காற்று கலந்தது. ஆசிரியையின் அப்பாயி அவ்வப்போது திரைக்கு அருகில் வந்து உட்காருவார். மூன்றாம் வாரத்தில், பேசுவதற்கு அனுமதி கிடைத்த முதல் மாலையில், அந்த மூதாட்டியை முறை சொல்லி மரியாதையாக அழைக்க நினைத்து, முள்ளே என்று அழைத்துவிட்டேன். அவர் தம் உள்ளங்காலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலில் முள் தைத்திருக்கிறது என்று நான் எச்சரிக்கிறேன் என்று அவர் எண்ணியிருக்கிறார். ஆசிரியை விளக்கியபோதும் அந்த மூதாட்டி சினக்கவில்லை. தம் வாயைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து, அந்த ஒரு சொல்லை ஏழெட்டு முறை, ஒவ்வொரு முறையும் அதே நிதானத்தோடு எனக்குச் சொல்லிக் காட்டினார்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சங்கீதம் தெரிந்தால் தொனிகள் எளிதாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். எங்களில் ஒருவன் சிறுவயதில் நாகஸ்வரம் கற்றவன். ஏழு தொனிகளுக்கும் ஏழு ஸ்வரம் பிடித்து வைத்துக்கொண்டான். தனிச் சொல்லாகச் சொன்னவரை அது பலித்தது. நான்கு சொற்கள் சேர்ந்தவுடன் குலைந்துபோயிற்று, ஏனென்றால் இங்கே சுருதி நிலையானது கிடையாது. பேசுபவரின் குரல் எங்கே இருக்கிறதோ அதை ஒட்டித்தான் உயர்வும் தாழ்வும். அதைவிட முக்கியமாக, மூச்சுத் தொனியும் இறுக்கத் தொனியும் தொண்டையின் வேலை. அவற்றை எந்த ஸ்வரத்திலும் வைக்க முடியாது. ஐயா அவனை ஸ்வரத்தை மறந்துவிட்டு, சுமையை இறக்கி வைத்தவர் விடும் பெருமூச்சோடு அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார். அன்றே வந்துவிட்டது.

மெய்யொலிகளில் தமிழர்களுக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. நன்மை, நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள். கத்திக்கு ‘டியா’ என்கிறார்கள். ஆறு என்ற எண்ணுக்கு ‘டௌ’. ரோமன் எழுத்தில் இவை ஆர் என்ற எழுத்தில் தொடங்குகின்றன, அதனால் ஆங்கில வழியாகப் படிப்பவர்கள் ரகரமாகவே உச்சரித்து மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். சொல்லின் முதலில் டகரம் வாராது என்று நம் இலக்கணம் சொன்னாலும், நாக்குக்கு அது பழகிய இடம். தயக்கமே இல்லாமல் வருகிறது. நலமா என்று கேட்கும் ‘ஞோ ழோங்’ என்பதில் வரும் ஒலி, நம் ழகரத்துக்கு அண்டை வீட்டு ஒலி. அந்த வாழ்த்தின் நேர்ப் பொருளே ‘நன்றாக இரு’ என்பதுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் வரும் ‘நல்லா இரு’.

தீமை, காற்றை வெளித்தள்ளிச் சொல்லும் ஒலிகள். பகரத்தையும் காற்றோடு வரும் பகரத்தையும் ஹ்மாங் மொழி வேறு வேறு ஒலிகளாக வைத்திருக்கிறது. தகரம், ககரம், சகரம் எல்லாவற்றிலும் இந்த இணை உண்டு. தமிழில் அந்த வேறுபாடு கிடையாது. இதற்கு ஐயா நாளிதழை விரல் அகலத்துக்குக் கிழித்து, மேல் நுனியைப் பிடித்து, உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்வார். காற்றில்லாத ஒலிக்குத் தாள் அசையக் கூடாது. காற்றுள்ள ஒலிக்குத் துள்ள வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் நால்வரும் தாள்கீற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். தாள் பொய் சொல்லாது, ஆசிரியர் இல்லாத நேரத்திலும் திருத்தும். இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த கருவி அந்தத் தாள்கீற்றுதான்.

ஏழாம் வாரம் எழுத்து வந்தது. காதில் ஏற்கெனவே இருந்த ஒலிக்கு எழுத்தைப் பொருத்திப் பார்க்கும் வேலையாக அது அமைந்ததால், முன்பு எனக்குப் புதிராக இருந்த எல்லாம் இரண்டு நாளில் விளங்கிற்று. 1951 முதல் 1953 வரையான ஆண்டுகளில், லாவோஸில் இருந்த இவ் பெர்த்ரே என்ற கத்தோலிக்கக் குருவும், லின்வுட் பார்னி, வில்லியம் ஸ்மாலி என்ற புராட்டஸ்டண்ட் மிஷனெரிகளும், ஹ்மாங் மக்கள் சிலரின் துணையோடு சேர்ந்து அமைத்த ரோமன் எழுத்து முறை இது. ஹ்மாங் அசை எதுவும், மூக்கொலி ஒன்றைத் தவிர, மெய்யொலியில் முடிவதில்லை. எனவே சொல்லின் கடைசியில் மெய்யெழுத்துகளுக்கு வேலை இல்லை. வேலையில்லாத அந்த எழுத்துகளையே தொனிக் குறியாக வைத்துவிட்டார்கள். கடைசியில் பி இருந்தால் உயர்ந்த தொனி, ஜே இறங்குவது, வி ஏறுவது, எஸ் தாழ்ந்தது, ஜி மூச்சுத் தொனி, எம் இறுக்கத் தொனி. எதுவும் இல்லாவிட்டால் நடுத்தொனி. உயிரெழுத்து இரட்டித்தால் மூக்கொலி. ஆகவே ஹெச், எம், ஓ, ஓ, பி என்று எழுதியிருப்பதை ‘ஹ்மூப்’ என்று படிக்கக் கூடாது. அதுதான் ‘ஹ்மோங்’ என்னும் அவர்களுடைய பெயரே, உயர்ந்த தொனியில். புள்ளியும் கோடும் எதுவும் தேவையில்லை என்பதால் சாதாரணத் தட்டச்சுப் பொறியிலேயே அடிக்க முடிந்தது. இன்று கைப்பேசியிலும் அப்படியே எழுதுகிறார்கள். என்னுடைய பழைய நகரத்து நிறுவனம் அந்தக் கடைசி எழுத்துகளையெல்லாம் ஒலிக்கச் சொல்லிக் கற்பித்தது என்பதை இங்கே வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

ஒரு வகுப்பை ஐயா ‘பஹா’ எழுத்துக்கென்று ஒதுக்கினார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியான ஷோங் லூ யாங் என்பவர் 1959இல் தம் மக்களுக்காக உருவாக்கிய தனி எழுத்து அது. அவர் 1971இல் கொல்லப்பட்டார். அந்த எழுத்தில் மெய்க்கு முன்னால் உயிர்ப்பகுதியை எழுதி, படிக்கும்போது மெய்யை முதலில் படிக்கிறார்கள். வேற்றுமொழிக்காரர்களுக்கு இது வியப்பாக இருக்குமாம். கெ, கே, கை என்று கொம்பை முன்னால் எழுதிப் பழகிய நமக்கு அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது! வெளியார் கொடுத்த எழுத்தைப் படிக்கப் போகிறவர்கள், அந்த மக்களே தங்களுக்கு ஓர் எழுத்தைச் செய்துகொண்டார்கள் என்பதையும் அறிந்துதான் போக வேண்டும் என்று ஐயா நினைப்பது மிகச் சரி.

இனிக் குறைகள். முதன்மையான குறை, அச்சில் கொடுக்கும் பாடங்கள் முழுவதும் ஆங்கில வழியில் இருப்பது. கூடத்தில் இருக்கும் அகராதியும் அப்படித்தான். மிஷனெரி எர்னஸ்ட் ஹைம்பாக் தொகுத்து, கார்னெல் பல்கலைக்கழகம் 1969இல் வெளியிட்டது. அருமையான உழைப்பு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஓர் இல்லம், பாடப்புத்தகத்தையும் ஆங்கிலத்திலேயே வைத்திருப்பதால் என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பாடநூலின் சொற்பட்டியலில் மூன்று ஹ்மாங் சொற்களுக்கு எதிரே ரைஸ் என்ற ஒரே ஆங்கிலச் சொல் போட்டிருந்தது. எதை எப்போது சொல்வது என்று தெரியாமல் இரண்டு வாரம் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. இல்லத்துக்குப் பின்னால் உள்ள களத்தில் நெல் காய்ந்தது. ஐயா ஒரு கையில் அந்த நெல்லையும், மறு கையில் சமையலறையிலிருந்து அரிசியையும் எடுத்துவந்தார். மதியச் சாப்பாட்டுச் சோறு ஏற்கெனவே தட்டில் இருந்தது. நெல் ‘ம்ப்லே’, அரிசி ‘ட்ஸு’, சோறு ‘மொ’. முடிந்தது. நமக்கு மூன்று சொல், அவர்களுக்கும் மூன்று சொல். இடையில் ஆங்கிலம் புகுந்ததால்தான் மூன்றும் ஒன்றாகி, பிறகு அந்த ஒன்றை மறுபடி மூன்றாகப் பிரிக்கும் வீண்வேலை வந்தது. மலைச்சரிவில் நெல் போடும் மக்களும், கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் மக்களும் சோற்றைப் பற்றிப் பேசிக்கொள்ள மூன்றாவது ஒருவர் வேண்டியதில்லை.

உறவுமுறையிலும் இதே கதைதான். பாடநூலில் அங்கிள் என்ற சொல்லுக்கு எதிரே நான்கைந்து ஹ்மாங் சொற்கள் வரிசையாக நிற்கின்றன. உண்மையில், அப்பாவின் அண்ணனைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தால் ‘பெரிய அப்பா’ என்றே வருகிறது. அவர் மனைவி ‘பெரிய அம்மா’. அப்பாவின் தம்பிக்கும் அப்பா என்ற சொல்லோடு இளையவர் என்ற பொருள்படும் சொல்லையே சேர்க்கிறார்கள், நம் சித்தப்பாவைப் போல. அப்பாயிக்கு ஒரு சொல், அம்மாயிக்கு வேறு சொல். ஒரே குலப்பெயர் கொண்டவர்கள் எவ்வளவு தொலைவில் பிறந்திருந்தாலும் உடன்பிறந்தவர்கள், திருமணம் கூடாது; அத்தை பிள்ளை என்றால் முறை உண்டு. எங்கள் ஊர் அம்மாக்களிடம் இதைச் சொன்னால் அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டு, மேற்கொண்டு கேள்வியும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு எட்டுப் பக்க விளக்கமும் ஒரு வரைபடமும் தேவைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று, இது என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. நாம் மனம், நெஞ்சம் என்று சொல்லும் இடத்தில் ஹ்மாங் மக்கள் ஈரலைச் சொல்கிறார்கள். மகிழ்ச்சி என்றால் ஈரல் நன்றாக இருக்கிறது, மனம் நொந்தால் ஈரல் அறுந்தது, பொறுமைசாலிக்கு ஈரல் நீளம், முன்கோபிக்குக் குட்டை. பாடநூல் இதை ஒரு விசித்திரமான வழக்கு என்று குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறது. பிள்ளை கிணற்றடியில் எட்டிப் பார்த்தால் ‘ஈரக்கொலை நடுங்குது’ என்று அலறும் தாயின் வீட்டில் வளர்ந்த எனக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. இந்த இல்லத்தின் நிர்வாகிகள் இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து தமிழ்வழிப் பாடநூல் ஒன்றைத் தயாரியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கையில் இருக்கும் செல்வத்தை விட்டுவிட்டுக் கடன் வாங்குகிறோம்.

அடுத்த குறை காணொளி வகுப்பின் ஒலி. காணொளிச் செயலிகள் சுற்றுப்புற இரைச்சலை நீக்குவதாகச் சொல்லிக்கொண்டு, பேசுபவரின் மூச்சுக் காற்றையும் சேர்த்து நீக்கிவிடுகின்றன. மற்ற மொழிகளுக்கு இது பெரிதில்லை. மூச்சே பொருளைத் தீர்மானிக்கும் ஹ்மாங் மொழிக்கு, அப்பாயிக்கும் முள்ளுக்கும் இருந்த வேறுபாடு வழியிலேயே தொலைந்துபோகிறது. என் தவறில் பாதி என் காதுடையது. மற்றப் பாதி அந்தச் செயலியுடையது என்று பின்னால் தெரிந்தது. ஆசிரியை தம் கைப்பேசியில் பதிவுசெய்து ஒலிக்கோப்பாக அனுப்பியபோது இரண்டும் தெளிவாகப் பிரிந்து கேட்டன. இந்த வழியைக் கண்டுபிடிக்க எங்கள் அணிக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இரைச்சல் நீக்கும் அமைப்பை முதல் நாளே அணைத்துவைக்கலாம், ஒலிக்கோப்புகளை முதல் வாரத்திலிருந்தே தரலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்ட பிறகு மின்சாரமும் இணையமும் அடிக்கடி நின்று, பல மாலை வகுப்புகள் நடக்கவில்லை. அந்தப் பருவத்தில் டெல்டாவில் அப்படித்தான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கேற்ப ஒலிக்கோப்புகளைச் சேர்த்துவைத்திருந்தால் வகுப்பு வீணாகியிருக்காது.

வெள்ளை ஹ்மாங் வழக்கை மட்டுமே கற்பிக்கிறார்கள். எழுத்தில் அதுவே பரவலாக இருப்பதால் தொடக்கத்துக்கு அது பொருத்தம்தான். ஆயினும் பச்சை ஹ்மாங் பேசும் ஊர்களும் அந்த மலைகளில் இருக்கின்றன. அவர்கள் தங்கள் பெயரையே முன்னால் வரும் ஹகர மூச்சு இல்லாமல் ‘மோங்’ என்கிறார்கள். கடைசி மாதத்தில் ஒரு வாரமாவது அந்த வழக்கைக் காதில் விழச் செய்ய வேண்டும். தாய் மொழிக்கு, அதாவது தாய்லாந்தின் அரசு மொழிக்கு, சில மணி நேரமே கொடுக்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, பேருந்து எல்லாம் அந்த மொழியில்தான் என்னும்போது இது போதவே போதாது.

பண்பாட்டு வகுப்புகள் எண்ணிக்கையில் குறைவு, தரத்தில் உயர்வு. மூங்கில் குழல்கள் கோத்த ‘கேங்’ என்னும் இசைக்கருவியைச் சாவு வீட்டில் ஊதும்போது, அதன் ஓசைகள் தொனிகளின் வழியே சொற்களாகவே ஒலிக்கின்றன, இறந்தவருக்கு வழி சொல்கின்றன என்று ஆசிரியை ஒரு பதிவை ஒலிக்கவிட்டு விளக்கினார். வெறும் இசை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தது பேச்சு என்று தெரிந்ததும், அந்த மொழியைப் பற்றிய என் எண்ணமே மாறிற்று. குழந்தை பிறந்தாலும் நோய் தீர்ந்தாலும் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தும் வழக்கத்தையும் அவர் விரிவாகச் சொன்னார். இவற்றை எங்கள் நம்பிக்கையோடு எப்படிப் பொருத்துவது, எங்கே விலகி நிற்பது என்ற கேள்வியை நாங்கள் உடனே எழுப்பினோம். முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி உங்களுக்கு வராது, பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருங்கள், அங்கேயுள்ள ஹ்மாங் விசுவாசிகளே உங்களுக்குச் சொல்லித் தருவார்கள் என்று ஐயா கூறிவிட்டார். பிரசங்கம் தயாரிக்கும் பயிற்சி இந்த ஆறு மாதத்தில் ஒருநாள்கூடக் கிடையாது. எங்களோடு சேர்ந்த ஒருவருக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. எனக்கு, ஊருக்குள் நுழைவதற்கு முன் வாசலில் செருப்பைக் கழற்றக் கற்பித்ததுபோல இருந்தது.

தங்கும் வசதி எளிமையானது. இருவருக்கு ஓர் அறை, கயிற்றுக் கட்டில், கிணற்றுத் தண்ணீர். சாப்பாடு நன்றாகவே இருக்கும். பொறையாற்றுச் சந்தையிலிருந்து வரும் மீன் வாரத்தில் மூன்று நாள் உண்டு. சமைக்கும் அம்மா எங்கள் பாடத்தில் ஈடுபாடு கொண்டு, சாப்பிட்டாயிற்றா என்று ஹ்மாங் மொழியிலேயே கேட்கத் தொடங்கினார். தொனி எங்களைவிட அவருக்குச் சீக்கிரம் பிடிபட்டது. தங்கலுக்கும் உணவுக்கும் சேர்த்து மாதம் 6,000 ரூபாய் கொடுத்தேன். மொழிப் பாடத்துக்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. என் பழைய நிறுவனத்தின் மூன்று வாரக் கட்டணம் இந்த ஆறு மாதச் செலவில் பாதியைத் தாண்டியது.

வேகமாக நாலு வார்த்தை கற்றுக்கொண்டு புறப்பட நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. முதல் ஆறு வாரம் கையில் காட்ட எதுவும் இருக்காது; வீட்டிலிருந்து என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. என் அப்பாவே இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டு வருத்தத்தோடு வைத்தார். அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். ஆறாம் மாத முடிவில் ஆசிரியையோடு அரை மணி நேரம், ஆங்கிலமும் தமிழும் கலக்காமல், அறுவடை பற்றியும் மழை பற்றியும் அவர் தம்பியின் கல்யாணம் பற்றியும் என்னால் பேச முடிந்தது. அவருடைய அப்பாயியை இப்போது சரியான மூச்சோடு அழைக்கிறேன்.

சேரப் போகிறவர்கள் கம்பி இணைப்புள்ள நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். புளூடூத் வேண்டாம், அதிலும் ஒலி தேய்கிறது. மழைக்காலத்துக்குக் கூடுதல் பேட்டரியும் தேவைப்படும். தமிழ்வழிப் பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று நாங்கள் நால்வரும் எங்கள் நோட்டுகளைச் சேர்த்து, ஹ்மாங் சொல்லுக்கு நேர் தமிழ்ச் சொல் எழுதித் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறோம். ஐயா திருத்திக் கொடுக்கிறார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஆசிரியை தம் குரலில் ஒலிக்கோப்பு அனுப்புகிறார். முதல் பக்கத்தில் நெல், அரிசி, சோறு, தவிடு, உமி, வைக்கோல் வரை வந்திருக்கிறது. கருக்காய்க்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஆசிரியை தம் அப்பாயியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.